ஒரு கேரண்டுக்குள் எத்தனை கேரண்ட்?

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிக்கிற ஆள் ஒருவரிடம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த எம்1 கேரண்ட் ரைஃபிள் ஒன்றை நீட்டிப் பாருங்கள். தோளில் வைத்துக் குறி பார்ப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே தோட்டா இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்வார், அப்புறம் வலது பக்கக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச் ஒன்றை எடுத்து, குழலின் பக்கவாட்டில் அடிப்பார். அங்கே கிரீஸ் படிந்த பொடி எழுத்தில் 'எஸ் ஏ 1 44' என்று இருந்தால், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியில் 1944 ஜனவரியில் செய்த குழல் என்று அர்த்தம். அடுத்து டார்ச் ரிசீவரின், அதாவது குழலும் மற்ற பாகங்களும் வந்து பொருந்துகிற நடுக்கூட்டின், பின்பக்கம் போகும், அங்கே வரிசை எண். அந்த எண் எந்த மாதத்தில் அடித்தது என்பது அவருக்கு மனப்பாடமாகவே இருக்கும், இல்லாவிட்டால் கைபேசியில் பட்டியல் இருக்கும். குழல் தேதி ரிசீவருக்கு ஓரிரு மாதம் முன்னால் இருந்தால் முகம் மலரும். 1953 என்று இருந்தால் 'சரி' என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்தப் பொழுதுபோக்கின் சூட்சுமமெல்லாம் அந்தச் சின்ன டார்ச் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அங்கே பணம் கொடுப்பது துப்பாக்கிக்கு இல்லை, ஒத்துப்போவதற்கு. அந்த ஒத்துப்போதல் பெரும்பாலும் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களே உண்டாக்கியது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

கொஞ்சம் பின்னணி. கேரண்டை வடிவமைத்தவர் ஜான் கேரண்ட், கனடாவின் க்யூபெக்கில் பிறந்தவர், 1919-லிருந்து மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதச்சாலையில் வேலை பார்த்தவர். 1936-இல் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டா கொண்ட கிளிப், .30-06 தோட்டா, எடை நாலேகால் கிலோவுக்குச் சற்று மேல், ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற பாகத்தை, கையால் இழுக்கத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் மற்ற நாட்டுச் சிப்பாய்களில் பெரும்பாலோர் இன்னும் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் சுமார் 54 லட்சம் செய்தார்கள். போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியும் வின்செஸ்டர் கம்பெனியும், 1950களில் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும், டிராக்டர் செய்கிற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும். கேரண்டுக்கு இதில் ராயல்டி ஒரு சென்ட்கூடக் கிடையாது, உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

சேகரிப்பவர்கள் 'கரெக்ட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ரிசீவர் எந்த மாதத்தில் செய்ததோ, அந்த மாதத்தில் அந்தத் தொழிற்சாலையில் என்னென்ன பாகம் போட்டார்களோ அத்தனையும் அதே வகையில் இருந்தால் அது கரெக்ட். கேரண்டின் முக்கிய பாகங்களில் வரைபட எண் அடித்திருக்கும். போல்ட்டில் ஒன்று, விசைக்கூட்டில் ஒன்று, போல்ட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற ஆபரேட்டிங் ராடில் ஒன்று. எண்ணுக்குப் பின்னால் திருத்த எண், அதற்குப் பின்னால் தொழிற்சாலையின் எழுத்து. வடிவம் மாறியபோதெல்லாம் திருத்த எண்ணும் மாறியது, அதனால் ஒரு போல்ட்டைப் பார்த்தே அது எந்தக் காலத்துப் பொருள் என்று சொல்லிவிடலாம். கட்டையில், அதாவது மரப்பகுதியின் இடது பக்கத்தில், ஆர்மரியின் எழுத்தும் அப்போதைய தலைமை அதிகாரியின் முதலெழுத்துகளும் முத்திரையாக அடித்திருக்கும். 'எஸ் ஏ, ஜி ஹெச் எஸ்' என்று இருந்தால் கர்னல் கில்பர்ட் ஸ்டூவர்ட் பொறுப்பிலிருந்த காலம், போரின் ஆரம்ப வருடங்கள். வின்செஸ்டர் கேரண்டுகளில் கடைசல் வேலை சொரசொரவென்று கண்ணுக்கே தெரியும், பழைய வடிவப் பாகங்களையே அவர்கள் கடைசிவரை விடாமல் போட்டார்கள். அதற்குத்தான் கூடுதல் விலை! இந்த உலகத்தில் அவலட்சணத்துக்கும் மதிப்பு உண்டு.

இப்போது ராணுவம் என்ன செய்தது என்று பார்ப்போம். போர் முடிந்ததும் லட்சக்கணக்கான துப்பாக்கிகள் கிடங்குகளுக்குத் திரும்பி வந்தன. ராக் ஐலண்ட், ரெட் ரிவர், பெனிசியா என்று நாடு முழுக்க ஆயுதக் கிடங்குகள். அங்கே ஒவ்வொரு துப்பாக்கியையும் முழுசாகப் பிரித்து, போல்ட்டை போல்ட் தொட்டியில் போட்டு, ராடை ராட் தொட்டியில் போட்டு, தேய்ந்ததைக் கழித்து, மிச்சத்துக்குச் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு கொடுத்து, கைக்கு வந்த பாகத்தை எடுத்து மாட்டி, பழுது பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டையில் தங்கள் கிடங்கின் எழுத்தை அடித்து அனுப்பினார்கள். எந்த போல்ட் எந்த ரிசீவரோடு பிறந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை, குறித்துவைக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் உட்கார வேண்டும் என்பதற்காகத்தானே அத்தனை அளவுகோலும் வரைபடமும். கொரியப் போர் வந்தது, மறுபடி ஒரு சுற்று. சில துப்பாக்கிகள் இப்படி இரண்டு மூன்று கிடங்கு முத்திரையோடு இருக்கும்.

ஆக, பிறந்தபோது இருந்த பாகங்களோடு இன்றும் இருக்கிற கேரண்ட் என்பது ஏறக்குறைய ஒரு விபத்து. ராணுவத்தின் கண்ணில் படாமல் தப்பினால்தான் உண்டு. அப்படியானால் கண்காட்சி மேசைகளில் இத்தனை கரெக்ட் கேரண்டுகள் எங்கிருந்து வருகின்றன? வீட்டு கராஜிலிருந்துதான். ஒரு 1942 ரிசீவரை வாங்கி, அதற்கேற்ற 1942 போல்ட்டை ஒருவரிடமும் குறிபார்க்கும் அமைப்பின் குமிழை இன்னொருவரிடமும் தேடிப்பிடித்து, வருடக்கணக்கில் பாகம் பாகமாகச் சேர்த்து, கரெக்ட் ஆக்குகிறார்கள். இதில் தப்பில்லை, 'நான் சேர்த்தது' என்று சொல்லி விற்கிறவரை. சொல்லாமல் 'ஒரிஜினல்' என்று விற்கும்போதுதான் வில்லங்கம். முத்திரை அடிக்கிற அச்சுக்கூடப் போலியாகக் கிடைக்கிறது, அதனால் புதுக்கட்டையில் பழைய அதிகாரி கையெழுத்துப் போடுவது பெரிய காரியமில்லை. பார்க்கும்போது மரத்தின் மூலைகள் கூராக இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கியிருந்தால், முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல ஆழமாக இருந்தால், ஒருவர் மணல்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இதன் உச்சம் முதல் ஐம்பதாயிரம் கேரண்டுகள். அவற்றில் குண்டுக்குப் பின்னால் வரும் வாயுவைக் குழலின் நுனியில் ஒரு கூட்டுக்குள் பிடித்தார்கள். அது சரியாக வேலை செய்யாததால் 1940-இல் குழலிலேயே துளை போடுகிற முறைக்கு மாறி, முன்பு செய்ததையெல்லாம் திரும்ப வாங்கி மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்த நுனிக்கூட்டை இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், ராணுவம் மட்டம் என்று தூக்கி எறிந்ததற்குத்தான் இன்று விலை அதிகம். போர்க்கால கேரண்டின் பின்பக்கக் குறிபார்க்கும் அமைப்பில் 'லாக் பார்' என்று ஒரு குறுக்குப்பட்டை உண்டு. சுடும் அதிர்ச்சியில் குமிழ் நகராமலிருக்க அதைத் திருகி இறுக்க வேண்டும், தூரத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடி தளர்த்த வேண்டும். சிப்பாய்க்கு எரிச்சல். போருக்குப் பின் நல்லதொரு வடிவம் வந்தது, பழசையெல்லாம் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். அந்தக் குப்பையை இன்று ஜாடிக்குள் வைத்து விற்கிறார்கள்.

கேரண்டைவிடச் சிக்கல் அதன் தம்பி எம்1 கார்பைனில். 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், பத்துக் கம்பெனிகள். ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்ட் பிரிவு, தட்டச்சுப் பொறி செய்த அண்டர்வுட், ஐபிஎம், அப்புறம் சிகாகோவில் காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்துகொண்டிருந்த ராக்-ஓலா. இர்வின்-பெடர்சன் என்று ஒரு கம்பெனி செய்ததில் ஒன்றைக்கூட ராணுவம் வாங்கிக்கொள்ளவில்லை, கடைசியில் அந்த ஒப்பந்தத்தை சாகினா என்ற ஸ்டியரிங் தொழிற்சாலை எடுத்து முடித்துக்கொடுத்தது. ராக்-ஓலா என்ற பெயருக்கே தனி மவுசு, பாட்டுப்பெட்டிக் கம்பெனி செய்த துப்பாக்கி என்பதை வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லிக் காட்டலாமே. ஆனால் இந்தக் கம்பெனிகள் போர்க்காலத்தில் ஒருவருக்குப் பாகம் தட்டுப்பாடானால் இன்னொருவரிடமிருந்து எடுத்து மாட்டிக்கொண்டன, அரசே அதற்கு ஏற்பாடு செய்திருந்தது. அதனால் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றே ஒரு ராக்-ஓலாவுக்குள் அண்டர்வுட் பாகம் இருந்திருக்கலாம். 'எல்லாமே ராக்-ஓலா' என்று ஒருவர் பெருமையாகக் காட்டும்போது, அது 1943-இல் இப்படி இருந்ததா, 1993-இல் இப்படி ஆக்கப்பட்டதா என்ற கேள்வி எனக்கு வரத்தான் செய்கிறது.

என் கட்சி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கலந்துகட்டின துப்பாக்கிதான் பிடிக்கும். 1943 ரிசீவர், 1952 குழல், வின்செஸ்டர் விசைக்கூடு, ஹாரிங்டன் போல்ட், கட்டையில் ராக் ஐலண்ட் முத்திரை. ராணுவத்தின் கையில் அது வாழ்ந்த வாழ்க்கை அப்படியே அதில் பதிந்திருக்கிறது. அதைக் கழற்றி 'கரெக்ட்' ஆக்குகிறவர் பத்து வருட வரலாற்றை அழித்துவிட்டு ஒரு நாள் வரலாற்றை ஒட்டுகிறார். சந்தை என்னோடு ஒத்துப்போகாது, அது வேறு விஷயம்.

அதைவிட ஊர் சுற்றிய துப்பாக்கிகள் உண்டு. 1940-இல் டன்கர்க்கில் ஆயுதத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்த பிரிட்டனுக்கு அமெரிக்கா முதல் உலகப் போர்க் காலத்து எம்1917 ரைஃபிள்களை அனுப்பியது. அவை .30-06 தோட்டாவுக்கானவை, பிரிட்டனின் தோட்டாவோ .303. தவறான தோட்டாவைத் திணித்துவிடக் கூடாது என்று கட்டையின் முன்பக்கம் சிவப்புப் பெயின்டில் பட்டையாக ஒரு வளையம் போட்டார்கள். கேரண்டுகளுக்கும் அதே சிவப்பு. இன்று அந்த வளையம் இருந்தால் கூடுதல் விலை, அதனால் புதுச் சிவப்பு வளையங்களும் சந்தைக்கு வந்துவிட்டன. டென்மார்க், கிரீஸ், பிலிப்பைன்ஸ், தென்கொரியா என்று அமெரிக்கா உதவியாகக் கொடுத்த கேரண்டுகள் உலகம் முழுக்க இருந்தன, அதில் ஒரு பகுதி பத்து இருபது வருடங்களுக்கு ஒருமுறை அலையலையாகத் திரும்பி வரும்.

திரும்பி வருவதை விற்கிறது சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, எல்லோரும் சிஎம்பி என்பார்கள். வேர் 1903-இல், தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில். குடிமக்களுக்குச் சுடத் தெரிந்திருந்தால் போர் வரும்போது ராணுவத்துக்கு வேலை மிச்சம் என்ற எண்ணத்தில் தொடங்கியது. நெடுங்காலம் ராணுவத்தின் ஓர் அலுவலகமாக இருந்து, 1996-இல் தனி அமைப்பாகப் பிரிந்தது. அலபாமாவில் ஆனிஸ்டன், ஒஹையோவில் கேம்ப் பெரி, இந்த இரண்டு ஊர்களும் கேரண்ட்காரர்களுக்குக் காசி, ராமேஸ்வரம். வாங்க வேண்டுமானால் குடியுரிமைச் சான்று, இணைந்த சங்கம் ஒன்றில் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சிக்கு ஆதாரம் எல்லாம் காட்ட வேண்டும். தரம் பிரித்து விற்பார்கள், பெட்டியோடு ஒரு சான்றிதழும் வரும். பழைய துப்பாக்கி கைமாறும்போது அந்தக் காகிதத்தையும் கேட்பார்கள், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அந்த வழியில் 1959-இல் ஒரு கேரண்ட் வாங்கிய வாடிக்கையாளர், மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கென்னடி. 2015-இல் அது ஏலத்துக்கு வந்தபோது 1,49,500 டாலருக்குப் போனது. அதை வாங்கிய நாலே வருடத்தில், 1963-இல், தபாலில் வரவழைத்த இத்தாலிய ராணுவத்தின் கழிவுத் துப்பாக்கி ஒன்றால்தான் அதே கென்னடி கொல்லப்பட்டார். அதன் விளைவுகளில் ஒன்று 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் ரைஃபிள் வாங்குவதும், வெளிநாட்டு ராணுவக் கழிவுகளை இறக்குமதி செய்வதும் அதோடு நின்றன, இறக்குமதித் தடை பிற்பாடு 1980களில்தான் பழம்பொருட்களுக்குத் தளர்ந்தது. அதே சட்டம்தான் சேகரிப்பவர்களுக்கென்று தனி உரிமத்தையும் கொண்டுவந்தது. ஐம்பது வயது கடந்து, பெரிதாக மாற்றப்படாமல் இருக்கிற துப்பாக்கிகளுக்கு அது பொருந்தும், மூன்று வருடத்துக்கு 30 டாலர் கட்டணம்.

சிஎம்பி அரசு வழியாக வாங்குவதால் அதற்குக் கதவு திறந்திருந்தது, தனியாருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. தென்கொரியா தன்னிடம் இருந்த கேரண்டுகளையும் கார்பைன்களையும், மொத்தம் ஒரு லட்சம் அளவில், அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு விற்க 2009-இல் திட்டமிட்டது. அமெரிக்க அரசு முதலில் சரி என்றது, பிறகு தவறான கைகளுக்குப் போகலாம் என்று மறுத்துவிட்டது. 2013-இல் ஒபாமா நிர்வாகம் தனியார் இப்படித் திரும்பக் கொண்டுவருவதற்குப் பொதுவாகவே தடை போட்டது. அறுபது வயதான, எட்டுத் தோட்டா மட்டுமே பிடிக்கிற, நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியைக் குற்றவாளி எவன் தூக்கிக்கொண்டு அலைவான் என்று சேகரிப்பாளர்கள் புலம்பினார்கள். கார்பைன் விஷயத்தில் அந்தப் புலம்பல் அவ்வளவு எடுபடாது என்பது என் எண்ணம், அது சின்னது, அதில் பெரிய மேகசினும் மாட்டலாம்.

கேரண்டுக்கு முந்தைய 1903 ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வருவோம். ஜெர்மானிய மவுசரை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்துச் செய்ததால் அமெரிக்க அரசே மவுசர் கம்பெனிக்கு இரண்டு லட்சம் டாலர் ராயல்டி கட்ட வேண்டிவந்தது. இதில் ஒரு எண் இருக்கிறது, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள்: ஸ்பிரிங்ஃபீல்டில் செய்ததென்றால் வரிசை எண் 8,00,000-க்குக் கீழே, ராக் ஐலண்டில் செய்ததென்றால் 2,85,507-க்குக் கீழே இருந்தால் சுடாதே. காரணம் பட்டறையில் இருக்கிறது. ரிசீவர் இரும்பைச் சூடாக்கும்போது வெப்பத்தை அளக்கக் கருவி இல்லை, அனுபவசாலிகள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே போதும் என்று முடிவுசெய்தார்கள். மேகமூட்டமான நாளில் செக்கச்செவேலென்று தெரிகிற இரும்பு, நல்ல வெயில் நாளில் மங்கலாகத் தெரியும், இன்னும் கொஞ்சம் சூடாக்குவார்கள். அப்படிச் சில இரும்புகள் அளவுக்கு மேல் வெந்து கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டன. 1917 வாக்கில் சில ரிசீவர்கள் சுடுகிறவர் முகத்துக்கெதிரே உடைந்து சிதறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்து, 1918-இல் முறையை மாற்றினார்கள். எந்த ரிசீவர் வெயில் நாளில் வெந்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை, அதனால் எல்லாமே சுவருக்குத்தான்.

மீதி 1903-களில் பெரும்பகுதியை மான் வேட்டைக்காரர்கள் தின்றுவிட்டார்கள். போருக்குப் பின் மலிவாகக் கிடைத்தபோது வாங்கி, நீண்ட கட்டையைப் பாதியில் அறுத்து, பழைய குறிபார்க்கும் அமைப்பைப் பிடுங்கி, தொலைநோக்கி மாட்டத் துளை போட்டார்கள். 1950களில் அது புத்திசாலித்தனமான காரியம், பத்திரிகைகள் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தன. இன்று அப்படி அறுத்ததற்கும் அறுக்காததற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

1903-இல் மார்க் 1 என்று ஒரு வகை உண்டு, ரிசீவரின் இடது பக்கத்தில் காரணமில்லாத மாதிரி ஒரு நீள்வட்டத் துளை. அந்தத் துளை பெடர்சன் என்பவர் செய்த ஒரு ரகசியக் கருவிக்காக. போல்ட்டைக் கழற்றிவிட்டு அதைச் செருகினால் சாதாரண ரைஃபிள் சின்னத் தோட்டாக்களை, போல்ட்டைக் கையால் இழுக்காமலே, சுடும் துப்பாக்கியாகிவிடும். எதிரிக்குத் தெரியக் கூடாதென்று அதற்கு '1918 மாடல் பிஸ்டல்' என்று பெயர் வைத்தார்கள். சுமார் 65,000 செய்து முடிப்பதற்குள் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. கொஞ்ச காலம் கிடங்கில் வைத்திருந்து, 1931 வாக்கில் நெருப்பில் போட்டு எரித்தார்கள். தப்பியது சொற்பம், அது பெரும் பணக்காரர்களின் சமாசாரம். துளை போட்ட ரைஃபிள்கள் மட்டும் நிறையவே கிடைக்கின்றன, தாலி அறுந்த மஞ்சள் கயிறுபோல.

காகிதம் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. கேரண்டில் தொலைநோக்கி வைத்த ஸ்னைப்பர் வகைகள் இரண்டு, எம்1சி, எம்1டி. எம்1சி-யில் தொலைநோக்கி ரிசீவரின் பக்கத்தில் துளையிட்டு மாட்டப்படும், அதைப் போலியாகச் செய்ய ரிசீவரையே குடைய வேண்டும். எம்1டி-யில் தொலைநோக்கியின் அடிப்பகுதி குழலோடு சேர்ந்தே வருகிறது. அதாவது, ஓர் எம்1டி குழல் கிடைத்தால் எந்தச் சாதாரண கேரண்டையும் ஒரு பிற்பகலில் எம்1டி ஆக்கிவிடலாம். ராணுவமும் அப்படித்தான் செய்தது! ஆகவே நிஜத்துக்கும் போலிக்கும் இரும்பில் வித்தியாசமே கிடையாது, வரிசை எண்ணோடு 'இது எம்1டி' என்று எழுதிய விற்பனைக் காகிதம் இருக்கிறதா என்பது மட்டும்தான் வித்தியாசம். ஒரு தாள் தொலைந்துபோனால் பாதி விலை தொலைந்துபோகும் பொருள் இது.

புதியவர்கள் தவறாமல் விழுகிற இன்னொரு குழி பெயர். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி என்ற அரசு ஆயுதச்சாலையை 1968-இல் மூடிவிட்டார்கள், இப்போது அது அருங்காட்சியகம். 1974 முதல் அதே பெயரில் இல்லினாய்ஸில் ஒரு தனியார் கம்பெனி நடக்கிறது, அவர்களும் எம்1 செய்து விற்றிருக்கிறார்கள். துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது எந்தக் கடற்கரையிலும் இறங்கவில்லை. அதோடு, ராணுவம் எரிவாயுச் சுடரால் இரண்டாக அறுத்துக் கழித்த ரிசீவர்களை ஒட்டவைத்து விற்ற காலமும் ஒன்று இருந்தது. அவற்றில் பாலிஷுக்கு அடியில் பற்றவைத்த கோடு லேசாகத் தெரியும்.

கடைசியாக ஆபரேட்டிங் ராட். போர்க்கால ராடில் ஓர் இடத்தில் கூரான மூலை உண்டு, சுடச்சுட அங்கே விரிசல் விழுந்தது. போருக்குப் பின் கிடங்குக்கு வந்த ராடுகளில் அந்த மூலையை அரைவட்டமாகக் கடைந்துவிட்டார்கள், விரிசல் நின்றது. கடையாமல் தப்பிய ராட் இன்று கடைந்த ராடைவிடப் பல மடங்கு விலை, கரெக்ட் கேரண்டுக்கு அது கட்டாயம். ஆனால் அதைப் போட்டுச் சுட்டால் உடையலாம். அதனால் சிலர் இரண்டும் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை விலையுயர்ந்த ராடைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ராணுவம் சரிசெய்த ராடை மாட்டிக்கொண்டு சுடும் மைதானத்துக்குப் போவார்கள். சாயங்காலம் வந்து துடைத்து எண்ணெய் போட்டு, மறுபடி விரிசல் விழக்கூடிய ராடை மாட்டி, கண்ணாடிக்குள் வைப்பார்கள்.